உட்பக்கத்துத் துரு

வெட்டிப் பார்த்தேன் என்று ஏன் சொன்னேன்?

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே சொல். அந்த மனிதர் சண்டை போடவா வந்தார்? செருப்பை வெளியே விட்டுவிட்டு, யாரோ எழுப்பிவிடப் போகிறார்கள் என்பதுபோல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "அம்மா, அந்த பில்டரை வெட்டிப் பாத்தீங்களா?" என்று ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே பார்த்தேன் என்றேன். "அப்ப சரிம்மா. நான்தான் சரியா ஊதலை போல" என்று எழுந்து போய்விட்டார். கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

நேற்று மாலையிலிருந்து அவள் மனதில் இதே ஓட்டம்தான். பல் தேய்க்கும்போதும், கூட்டிப் பெருக்கும்போதும், ஆபீஸ் பூட்டைத் திறக்கும்போதும். "அப்ப சரிம்மா." திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டி மறந்திருப்பாள். நம்பிவிட்டுப் போனதுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது.

வண்டி விபத்து எப்படி நடந்தது என்று துப்புத் துலக்கி இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுப்பது அவள் தொழில். பதினெட்டு வருட அனுபவம். எல்லோருக்கும் அவள் சர்வேயரம்மா. இந்த விபத்து நடந்து ஆறு வாரம் ஆகிறது. ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவரின் ஐம்பது வயதான கார். பெட்ரோல் குழாய்களையெல்லாம் மெக்கானிக்கிடம் விட்டுக் கழுவி, பெட்ரோலை வடிகட்டப் புது பில்டர் மாட்டி, நாலே நாளில் மேம்பாலத்து ஏற்றத்தில் மூச்சுத் திணறி நின்றது. நின்றதோடு விட்டதா? பின்னால் உருண்டது. பின்னால் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த தையல்காரியின் வலது பாதம் சக்கரத்துக்கடியில் போனது. மிஷின் பெடலை மிதிக்கிற கால்.

அன்றைக்கு அவளுக்கு இன்னும் ஐந்து வண்டிகள் பார்க்க வேண்டியிருந்தது. காரிலிருந்து கழற்றிய பில்டரை வாயில் வைத்து ஊதினாள். காற்று போகவில்லை. கவருக்குள் போட்டு சீல் வைத்தாள். 'குழாய்கள் முறையாகச் சுத்தம் செய்யப்படவில்லை. வடிகட்டியைத் திறந்து ஆராய்ந்ததில் துரு அடைத்திருந்தது. மெக்கானிக்கின் கவனக்குறைவே காரணம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். திறந்து ஆராய்வது பழக்கம் என்பதால் கை தானாக அந்த வரியை எழுதிவிட்டது. அந்த அறிக்கையைப் பிடித்துக்கொண்டு மெக்கானிக் மேல் வழக்கு. நாளைக் காலை பத்தரை மணிக்கு விசாரணை.

"அண்ணி, என்ன அந்த டிராயரை இப்படி முறைக்கறீங்க? அது ஏதாவது ஒத்துக்கப் போகுதா?"

கணவனின் தங்கை உள்ளே வந்தாள். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, கையில் இரண்டு காபி டம்ளரை ஏந்திக்கொண்டு, கதவைக் காலால் தள்ளிக்கொண்டு. படம் எடுப்பது, வண்டி ஓட்டுவது, வாயடிப்பது மூன்றும் அவள் பொறுப்பு. முதல் இரண்டுக்குத்தான் சம்பளம். மூன்றாவதை இலவசமாகச் செய்தாள்.

"டாக்டர் கார் பில்டரை எடு."

நாத்தனார் டிராயரை இழுத்துக் கவரை எடுத்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அவள் வாய் ஏதோ கிண்டலுக்குத் தயாராகிப் பாதியில் நின்றது.

"அண்ணி. சீல் அப்படியே இருக்கு."

"ம்."

"திறந்து ஆராய்ந்ததில்னு எழுதியிருந்தீங்களே. நான்தானே டைப் அடிச்சேன்."

"ம். நேத்து அந்த மெக்கானிக் வந்து கேட்டார். அவர்கிட்டயும் வெட்டிப் பாத்தேன்னுதான் சொன்னேன்."

அடுத்து என்ன வரும் என்று காத்திருந்தாள். நாத்தனாரின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. டம்ளரில் ஆடை கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணனைக் கட்டின நாள்ல இருந்து என் காபி நல்லாயிருக்குனு நீங்க பொய் சொல்லிட்டு வர்றீங்க. அதுல யாருக்கும் கால் போகலை, விட்டுட்டேன்." நாத்தனார் வண்டிச் சாவியை எடுத்தாள். "எழுந்திருங்க. எங்க போய் வெட்டறது?"

"அவர் ஒர்க்‌ஷாப்புக்கே."

"வழக்குல மாட்டினவர்கிட்டயே போயா? இன்ஷூரன்ஸ்காரன் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"அவர் எதிர்லதான் வெட்டணும்."

---

ஒர்க்‌ஷாப் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. முன்பெல்லாம் மூன்று வண்டிகள் வரிசையில் நிற்கும் இடத்தில் இன்று மூடிப்போட்ட ஒரு இன்ஜின் மட்டும். தரை இவ்வளவு சுத்தமாக இருக்கும் ஒர்க்‌ஷாப்பை அவள் பார்த்ததில்லை. வேலை இல்லாத கைகள் தரையைத் தேய்த்திருக்கின்றன என்று புரிந்தபோது அவளுக்கு உள்ளே கால் வைக்கக் கூசியது.

மெக்கானிக்கை ஊரில் கூப்பிடும் பெயர் ஊதல். குழாயின் ஒரு முனையை உதட்டில் வைத்து ஊதி, கன்னத்தில் திரும்பி மோதும் காற்றை வைத்தே அடைப்பு எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். ஐம்பது வயதிலும் அவர் கன்னங்கள் மட்டும் குழந்தைக் கன்னம்போல உப்பியிருந்தன.

"வாங்கம்மா," என்றார், நேற்றைய குரலிலேயே.

அவள் கவரை மேஜைமேல் வைத்தாள். "இதை வெட்டணும். ஹாக்சா பிளேடு இருக்கா?"

அவர் கண் சீலின் மேல் போனது. ஆறு வாரம் முந்தைய தேதி. அரக்கு உடையவில்லை. ஓரம்கூடப் பிரியவில்லை. அவர் பார்ப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது கேட்பார், இப்போது கத்துவார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

அவர் அலமாரியைத் திறந்து, துவைத்து மடித்த ஒரு வெள்ளைத் துணியை எடுத்து மேஜையில் விரித்தார்.

"ஹாக்சால வெட்டாதீங்கம்மா. இரும்புத் தூள் உள்ள விழும். அப்புறம் எது துரு, எது தூள்னு நீங்களும் நானும் சேர்ந்து உக்காந்து அழணும்." ஒரு சின்னச் சக்கரக் கத்தியை நீட்டினார். "இதை வெச்சு மெதுவா சுத்துங்க. தகரம் தானா விட்டுக் குடுக்கும்."

அவ்வளவுதான்.

"இருங்க. உடைக்கறதுக்கு முன்னாடி ஒரு படம்," என்றாள் நாத்தனார். கேமரா சொடுக்கியது. சர்வேயரம்மா கவரின்மேல் இன்றைய தேதியும் மணியும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இனி இது அழியாது. தான் முன்பு திறக்கவில்லை என்பதற்குத் தன் கையாலேயே எழுதிய சாட்சி. அவளுடைய சர்வேயர் உரிமத்தைப் பிடுங்க இந்த ஒரு கவர் போதும்.

கத்தியைச் சுற்றினாள். கட்டைவிரல் பருமனுள்ள தகரக் கூடு இரண்டாகப் பிரிந்தது. உள்ளே விசிறிபோல மடித்த தாள் உருளை. அதன் வெளிப்பக்கம் டீக்கறை மாதிரிப் பழைய பழுப்பு. மடிப்புகளை விரித்து உட்பக்கத்தைப் பார்த்ததும் மூன்று பேரும் குனிந்தார்கள். செக்கச்செவேலென்று துரு. சேறுபோல அப்பியிருந்தது. செதில் செதிலாக வெள்ளைத் துணியில் உதிர்ந்தது.

"வயித்துக்குள்ள இவ்வளவு வெச்சுக்கிட்டு வெளிய பவுடர் பூசின மாதிரி மினுக்கிக்கிட்டு இருந்திருக்கே," என்றாள் நாத்தனார்.

"இது தப்பும்மா," என்றார் ஊதல். "பெட்ரோல் டேங்குல இருந்து வந்து தாளோட வெளிப்பக்கம்தான் மோதும். அழுக்கை அங்கயே விட்டுட்டு, சுத்தமா உள்ள புகுந்து இன்ஜினுக்குப் போகும். அழுக்கு வெளியதான் இருக்கணும். உள்ள இருக்கவே கூடாது."

"திருப்பி மாட்டியிருந்தா?" நாத்தனார் கேட்டாள்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "பில்டர் மேலேயே அம்பு போட்டிருக்கும். அம்பு இன்ஜினைப் பாக்கணும். நான் திருப்பி மாட்டியிருக்க மாட்டேன்... மாட்டியிருப்பேனா?" கடைசி வார்த்தையைத் தனக்குள் கேட்டுக்கொண்டார். ஆறு வாரமாக அந்த மனிதர் ராத்திரியும் பகலும் தன்னையே குடைந்துகொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் ஒரே ஒரு வரி எழுதினாள். அவர் அதை நம்பி, தன் கைகளையே சந்தேகப்படக் கற்றுக்கொண்டுவிட்டார்.

"மாட்டலை," என்று நாத்தனார் கேமராவைத் திருப்பிக் காட்டினாள். "பாருங்க, பில்டர் காருக்கடியில இருக்கறப்ப எடுத்தது. அம்பு ஜோரா இன்ஜினைப் பாத்துக்கிட்டு இருக்கு. இதுக்காக நடுரோட்டுல மல்லாக்கப் படுத்தேன். என் சுடிதார்ல தார் இன்னும் போகலை."

"ஆமா, இந்தத் தடவை பில்டரை டேங்க் பக்கத்துல, வண்டிக்கடியில மாத்திட்டேன். அம்பது வருஷமா கார்பரேட்டர் பக்கத்துலதான் இருந்தது. கழுவின குழாய்க்குள்ள டேங்க் அழுக்கு மறுபடி ஏறக் கூடாதுல்ல? அதான் வாசல்லயே காவல் வெச்சேன்."

சர்வேயரம்மா தாள் உருளையை வெளிச்சத்துக்குத் தூக்கினாள். "அம்பு சரி. அழுக்கு தப்பு. பெட்ரோல் ஒரு திசையில போகுது, துரு அதுக்கு எதிர் திசையில வந்து உக்காந்திருக்கு."

"ஒருவழிப் பாதையில எதிர்ல வந்திருக்கு. போலீஸைக் கூப்பிடலாமா?"

"விளையாடாத. இந்தத் துரு இந்தக் கார் ஓடினப்ப படிஞ்சது இல்ல. வேற எங்கயோ, வேற விதமா படிஞ்சது. அதுக்கப்புறம்தான் இது காருக்குள்ள போயிருக்கு."

ஊதல் அவள் கையிலிருந்து கூட்டின் பாதியை வாங்கினார். விளிம்பைத் தடவினார். மோந்து பார்த்தார். அவர் உப்பிய கன்னங்கள் மெல்ல வற்றின.

"இது நான் மாட்டின பில்டரே இல்லம்மா. இது கழுவின பில்டர்."

"அப்படின்னா?"

"குழாயைப் பின்னோக்கித்தான் கழுவணும். முன்னோக்கித் தள்ளினா அடைப்பு இன்னும் இறுகும். அதனால இன்ஜின் பக்கமிருந்து டேங்க் பக்கமா பெட்ரோலையும் காத்தையும் தள்ளுவேன். வந்த வழியே போகட்டும்னு. அந்தக் கடைசி முனையில வண்டியோட பழைய பில்டரை, அம்புக்கு எதிரா பெட்ரோல் போற மாதிரி மாட்டி வெப்பேன். வர்ற துரு பூரா அதுக்குள்ள உக்காந்துக்கும்."

"எதுக்கு அப்படி?"

அவர் கூச்சத்தோடு சிரித்தார். "காட்டத்தான். குழாய்க்குள்ள பண்ற வேலை யார் கண்ணுக்குத் தெரியுது? பெயின்ட் அடிச்சா மினுமினுன்னு தெரியும். ஊதினா என்ன தெரியும்? அதனால அந்தப் பழைய பில்டரை வெளிய நல்லாத் துடைச்சு, ஒரு தகர டப்பாவுல போட்டு, வண்டியோட சேத்துக் குடுத்துருவேன். உங்க வண்டி வயித்துல இருந்ததைப் பாருங்கன்னு. இந்த ஊர்ல வேற யாரும் இப்படிக் குடுக்க மாட்டாங்க."

"அப்ப இது எங்க இருக்கணும்?"

"டாக்டர் வீட்டு டப்பாவுல."

நாத்தனார் விசிலடிக்க உதட்டைக் குவித்து, அண்ணியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"வண்டி எடுக்க யார் வந்தாங்க?"

"டாக்டரும் மகளும். புது இடத்தைக் காட்டறேன் வாங்கன்னேன். என் வண்டி எனக்குத் தெரியாதான்னு அவர் பாட்டுக்கு ஏறி உக்காந்துட்டார். அந்தப் பொண்ணுதான் மரியாதைக்குக் குனிஞ்சு பாத்துச்சு. டப்பாவைக் குடுத்துட்டு..." அவர் நிறுத்தினார். சக்கரக் கத்தியைத் துணியால் துடைக்கத் தொடங்கினார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"சொல்லுங்க."

"இதை மறுபடி மாட்டினா வண்டி ஒரு அடி நகராதுன்னு சொன்னேம்மா. சிரிச்சுக்கிட்டு, எல்லார்கிட்டயும் சொல்ற மாதிரி."

"நெஜமா நகராதா?"

"அது வாய்ச்சவடால். கொஞ்சம் கொஞ்சமா கசியத்தான் செய்யும். கார்பரேட்டர்லயும் ஒரு கிண்ணம் பெட்ரோல் நிக்கும். கிளம்பிரும். சமதளத்துல சமத்தா ஓடும். ஏத்தத்துல இன்ஜின் நிறையக் கேக்கும் பாருங்க, அப்பத்தான்..." அவர் முடிக்கவில்லை. "ஒரு அடி நகராதுன்னேன். மேம்பாலம் வரைக்கும் நகர்ந்துருச்சு."

---

டாக்டர் வீட்டில் கார் ஷெட் காலியாக இருந்தது. கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் வண்டியின் நிழல்போலக் கிடந்தது. சுவரோர அலமாரியில் டப்பாக்கள், பற்களைப்போல வரிசையாக. ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி உள்ளே என்ன என்று எழுதியிருந்தது. சீட்டில்லாத டப்பா ஒன்றுதான் இருந்தது. அதை நாத்தனார் எடுத்தாள்.

"அண்ணி, உள்ள அழுக்கு பில்டர் இருக்கணுமில்ல?"

"ஆமா."

"அழுக்கு ஊர் சுத்தப் போயிருக்கு. வீட்டைப் பாத்துக்க இவரை விட்டுட்டுப் போயிருக்கு."

டப்பாவுக்குள் புத்தம்புது பில்டர். மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாசனை. நாலு நாள்கூட உழைக்காதது.

"என்ன தேடறீங்க?"

வாசலில் டாக்டர் நின்றிருந்தார். ஊன்றுகோல் தரையில் பதிவதற்கு முன் சற்றுத் துழாவியது. பின்னால் மகள், கண்ணாடிக் கடையிலிருந்து அப்போதுதான் வந்தவள், கைப்பையை இன்னும் தோளிலிருந்து இறக்காமல். ஊருக்கெல்லாம் கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுவிடுகிறவள்.

சர்வேயரம்மா டப்பாவை நீட்டினாள். டாக்டர் அதைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவில்லை. முன்னமே தெரிந்தவர்போல மூடியை அழுத்திச் சாத்தினார்.

"நாப்பது வருஷம் மத்தவங்க வாயைத் திறக்கச் சொன்னவன் நான். என் வாயை நீங்க திறக்க வேண்டாம். நானே சொல்லிடறேன். உள்ள வாங்க."

கூடத்தில் உட்கார்ந்ததும், மேஜைமேல் கிடந்த புத்தகத்துக்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். எழுதி நாளாகியிருக்க வேண்டும், மடிப்பு நைந்திருந்தது. பெரிய பெரிய கோணல் எழுத்துகள். "நான்தான் பில்டரை மாத்தினேன். பழசு எப்படி ஓடுதுன்னு சோதிச்சுப் பாக்கணும்னு ஒரு கிறுக்கு. மெக்கானிக் மேல தப்பே இல்லை. நாளைக்கு விசாரணையில இதைக் குடுத்துடுங்க."

வழக்கு முடிந்தது. இவ்வளவு எளிதாகவா? சர்வேயரம்மாவுக்கு நெஞ்சில் பாரம் இறங்கியதுபோல இருந்தது. அந்த இறக்கத்தின்மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஆறு வாரத்துக்கு முன் பில்டரை ஊதிப் பார்த்து, காற்று போகவில்லை என்றதும் இதே நிம்மதிதான் வந்தது. அதை நம்பித்தான் எழுதினாள்.

"எப்படி மாத்தினீங்க டாக்டர்?"

"என்ன பெரிய வித்தை? பானெட்டைத் திறந்தேன். கார்பரேட்டர் பக்கத்துல ரெண்டு கிளிப். தளர்த்தினேன், உருவினேன், மாட்டினேன். பல் பிடுங்கறதைவிட சுலபம்."

நாத்தனார் கூரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தாள். "அப்ப நான் எதுக்கு ரோட்டுல மல்லாந்தேன்?"

"அது இப்ப அங்க இல்ல டாக்டர்," என்றாள் சர்வேயரம்மா. "மெக்கானிக் இந்தத் தடவை அதைப் பின்னாடி, டேங்குக்கு அடியில மாத்திட்டார். மாத்தணும்னா தரையில படுத்து உள்ள போகணும். உங்களுக்குக் காட்டறேன்னு கூப்பிட்டார். நீங்க வரலை."

"என் வண்டி எனக்குத்..." என்று தொடங்கிய டாக்டர் வாயை மூடிக்கொண்டார்.

யார் குனிந்து பார்த்தது என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. மகளின் தோளிலிருந்து கைப்பை நழுவி முழங்கையில் வந்து நின்றது. அவள் அதைத் திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை.

"போதும்பா," என்றாள்.

"நீ உள்ள போ."

"லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் சர்டிபிகேட் வேணும்." அவள் அப்பாவைப் பார்க்காமல், சர்வேயரம்மாவின் முழங்காலைப் பார்த்துப் பேசினாள். "என் கடைக்கே வந்தார். உக்காந்திருந்தவங்ககிட்ட எல்லாம், என் பொண்ணே எனக்கு டெஸ்ட் பண்றான்னு சொன்னார். கடைசி ரெண்டு வரி அவருக்குச் சுத்தமா தெரியலை. அதுக்கு முந்தின வரியைத் தப்பில்லாம கடகடன்னு ஒப்பிச்சார். எழுத்தைப் பாத்துப் படிக்கறவங்க அப்படி கடகடன்னு படிக்க மாட்டாங்க. எனக்குத் தெரியும். முடியாதுன்னு சொல்ல வாய் வரலை. கையெழுத்துப் போட்டுட்டேன்."

"மனப்பாடம் பண்ணினவன் நான்தானே," என்றார் டாக்டர்.

"போட்ட கையெழுத்தை எப்படித் திரும்ப வாங்கறது? அவர்கிட்ட சொன்னா, ஏன் அன்னைக்குச் சொல்லலைம்பார். வெளிய சொன்னா என் கடை. அப்பத்தான் அந்த மெக்கானிக் டப்பாவைக் குடுத்தார். இதை மாட்டினா வண்டி நகரவே நகராதுன்னார்." அவள் அழ ஆரம்பித்தாள். "நகரக் கூடாதுன்னுதான் மாட்டினேன். கிளம்பாது, பழைய வண்டி, போதும்னு அவரே விட்டுடுவார்னு நெனச்சேன். நான் கடையில இருக்கறப்ப கிளம்பிப் போயிட்டார்."

நாத்தனார் கேமராவின் மூடியைத் திருகித் திருகி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"விபத்துக்கு அடுத்த நாள் டப்பாவைத் திறந்து பாத்தேன்," என்றார் டாக்டர். "புரிஞ்சுபோச்சு. அன்னைக்கே இதை எழுதினேன். அன்னைக்கே குடுத்திருக்கணும். அந்த மெக்கானிக் தலை உருளறதைப் பாத்துக்கிட்டே, நாளைக்கு நாளைக்குன்னு ஆறு வாரம் புத்தகத்துல வெச்சுட்டேன்." முகத்தை அழுந்தத் தேய்த்துக்கொண்டார். "இதுல எழுதினது பூராவும் பொய்யில்லம்மா. வண்டி பின்னால உருண்டப்ப கண்ணாடியைப் பாத்தேன். ஸ்கூட்டர் எனக்குத் தெரியலை. தெரிஞ்சிருந்தா பக்கத்துச் சுவருக்குத் திருப்பியிருப்பேன். தப்பு என்னுதுதான். அதை எந்த வழியில சொன்னா என்ன?"

மகளின் பார்வை சர்வேயரம்மா மேஜைமேல் வைத்திருந்த கவருக்குப் போயிருந்தது. தலைகீழாக இருந்ததையும் படித்துவிடும் கண்கள்.

"சீல் இன்னைக்குத்தான் உடைஞ்சிருக்கு," என்றாள் மெதுவாக. "தேதியும் மணியும் போட்டிருக்கீங்க. திறந்து பாத்தேன்னு உங்க அறிக்கையில இருக்குன்னு வக்கீல் சொன்னாரே."

சர்வேயரம்மாவுக்குக் காது சுட்டது. "ஆமா. பாக்காம எழுதினேன்."

டாக்டர் முன்னால் சாய்ந்தார். அந்த முகத்தில் மிரட்டல் இல்லை. ஒரே படகில் ஏறிவிட்டவர்களிடம் பேசுகிற கனிவுதான் இருந்தது. அதுதான் அவளை இன்னும் கூசவைத்தது.

"அப்ப கேளுங்கம்மா. நானே ஒத்துக்கிட்டா யாரும் கவரை எடுத்துப் பாக்கப் போறதில்ல. வழக்கு அத்தோட முடிஞ்சிடும். அந்த மெக்கானிக் நாளைக்கே வழக்குல இருந்து வெளிய வந்துடுவார். உங்க பேர் தப்பிக்கும். என் பொண்ணு தப்பிப்பா. அடிபட்ட அந்தம்மாவுக்கு யாரைக் கேக்கணும்னு ஒரு ஆள் கிடைக்கும், நான் இருக்கேன். எனக்கு வயசாச்சு, என்னை என்ன பண்ணிடுவாங்க? யாருக்கு இதுல நஷ்டம் சொல்லுங்க?" காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "வீட்டுக்கு வந்து விசாரிச்சப்ப, மாத்தினது நான்தான்னு சொன்னேன், நீங்க கேட்டீங்க. அவ்வளவுதான். அடியில சாட்சின்னு ஒரு கையெழுத்து."

பேனாவையும் நீட்டினார். அது அவள் கையைத் தவறிப் பக்கவாட்டில் நீண்டது. அவள் வாங்கிக்கொண்டாள், கீழே விழுந்துவிடுமோ என்றுதான் வாங்கினாள்.

காகிதத்தை முழுக்கப் படித்தாள். நல்ல மனிதரின் எழுத்து. ஒவ்வொரு வரியும் யாரையாவது காப்பாற்றியது. அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் இருந்த ஆசை அவளுக்குத் தெரிந்த ஆசைதான். போட்ட கையெழுத்தை வேறொரு கையெழுத்தால் மூடிவிடும் ஆசை. நேற்று மாலை 'பாத்தேன்' என்று சொன்னபோது அவளுக்குள்ளும் அதுதானே இருந்தது? ஒன்றை மூட ஒன்று, அதை மூட இன்னொன்று. இப்போது போட்டால் யாருக்கும் தெரியாது. நாத்தனார் வாய் திறக்கமாட்டாள். மெக்கானிக் வழக்கிலிருந்து விடுபட்டு வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, நன்றிம்மா என்றுகூடச் சொல்வார். அதை எந்த முகத்தோடு வாங்கிக்கொள்வது?

அந்தத் தையல்காரி கேட்டால்? யார் செய்தது என்று அவள் ஒருநாள் கேட்கத்தான் போகிறாள். கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது.

"அண்ணி," என்றாள் நாத்தனார். கேள்வியா, கெஞ்சலா என்று பிரித்தறிய முடியாத குரல்.

சர்வேயரம்மா காகிதத்தை அதன் பழைய மடிப்பிலேயே மடித்தாள். பேனாவை அதன்மேல் வைத்தாள். இரண்டையும் சேர்த்து, சத்தமில்லாமல், டாக்டரின் பக்கமே நகர்த்தினாள்.

"நான் போட மாட்டேங்கய்யா."